மோட்டார் சுற்றுகிறது, தண்ணீர் ஏறவில்லை: மைய விலக்கு விசை எங்கே போனது?

கேள்வி: மைய விலக்கு விசை நிஜமான விசை இல்லை என்கிறது பாடப் புத்தகம். அப்படியானால் வயல் பம்பு தண்ணீரை எப்படித் தூக்குகிறது? பம்புக்குள் காற்று பிடித்தால் அதே வேகத்தில் சுற்றியும் ஏன் தூக்குவதில்லை?

சேறடிக்கும் டிராக்டரின் டயரை ஓட்டுபவர் இடத்திலிருந்து பாருங்கள். பிய்யும் சேறு மையத்திலிருந்து நேர் வெளியே பாய்வதில்லை. பிய்ந்த இடத்தில் டயர் போய்க்கொண்டிருந்த திசையில், தொடுகோட்டில் பறக்கிறது. ஒட்டியிருந்தவரை டயர் அதை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தது. வட்டமடிக்கும் எதற்கும் வேண்டியது அந்த உள்நோக்கிய பிடிதான்: நிறை × வேகத்தின் வர்க்கம் ÷ ஆரம்.

பம்புக்குள் அந்தப் பிடியைத் தருவது அழுத்தம். 15 செ.மீ. விட்டமுள்ள இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் இறக்கைச் சக்கரம்) நிமிடத்துக்கு 2,880 சுற்று சுற்றினால், விளிம்பு வினாடிக்கு 22.6 மீட்டர் ஓடுகிறது. அங்கே தண்ணீரை வட்டத்தில் நிறுத்த, அதன் எடையைப்போல் சுமார் 700 மடங்கு விசை வேண்டும். அதனால் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகப் போக அழுத்தம் ஏறுகிறது. டெலிவரியை (தண்ணீர் வெளியேறும் வழியை) மூடிவைத்துக் கணக்கிட்டால், சுழற்சியால் மட்டும் சுமார் 26 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். பெல்ட் நழுவிச் சுற்று 10 சதவீதம் குறைந்தால் இதில் 19 சதவீதம் போய்விடும்.

உள்ளே காற்று இருந்தாலும் அதே 26 மீட்டர்தான். ஆனால் 26 மீட்டர் காற்று! தண்ணீரைவிட 800 மடங்கு லேசானது. கணக்கு வெறும் 3 செ.மீ. தண்ணீரில் முடிகிறது. ஃபில்டர் பாயிண்டில் (ஆழம் குறைந்த குழாய்க் கிணற்றில்) தண்ணீர் 5 மீட்டர் கீழே நிற்கும்போது அது எந்த மூலைக்கு? பாதிக் காற்று இருந்தாலும் தொல்லைதான்: கனமான தண்ணீர் வெளியே ஒதுங்க, காற்று இம்பெல்லரின் கண்ணில், அதாவது தண்ணீர் நுழையும் நடுத் துளையில், வந்து உட்கார்ந்து வழியை அடைக்கும்.

அதனால்தான் குமிழி நிற்கும்வரை பம்புக்குள் தண்ணீர் ஊற்றி, ஷாஃப்டைக் (சுழல் தண்டை) கையால் சுற்றி, மறுபடி ஊற்ற வேண்டும். ஊற்றியது இறங்கிக்கொண்டே போனால் குழாயின் அடியில் தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் ஃபுட் வால்வில் கசிவு. நிறைந்து நின்று, ஓடிய சில நிமிடத்தில் தண்ணீர் வருவது நின்றுவிட்டால், தண்ணீரை உறிஞ்சும் சக்‌ஷன் குழாய் இணைப்பிலோ, ஷாஃப்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் கிளாண்டிலோ காற்று உறிஞ்சுகிறது. ஓடும்போது சோப்பு நுரையைத் தடவுங்கள், ஓட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாணிக் கரைசல் ஊற்றுவது கசிவை அடைக்கும், ஆனால் அன்றைய பொழுதுக்கு மட்டும். கிளாண்டை முற்றிலும் இறுக்காதீர்கள், சொட்டுச் சொட்டாக வடிய வேண்டும். இல்லாவிட்டால் ஷாஃப்ட் சூடேறித் தேயும்.

மேட்டூர் திறக்குமுன், கோடையில் நீர்மட்டம் 7 மீட்டருக்குக் கீழே போனால் பெரிய மோட்டார் மாட்டிப் பயனில்லை. மேலே தள்ளுவதுதான் இம்பெல்லர். கீழிருந்து ஏற்றுவது காற்றழுத்தம், அதன் உச்சவரம்பே 10.3 மீட்டர், நடைமுறையில் அவ்வளவும் கிடைப்பதில்லை. குழி வெட்டிப் பம்பைக் கீழே இறக்குவதே வழி.

இன்னொன்று: மோட்டாரை ரீவைண்டிங் செய்து மாட்டிய பிறகு தண்ணீர் மெலிந்து வந்தால், தலைகீழாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். எந்தப் பக்கம் சுற்றினாலும் அழுத்தம் விளிம்பில்தான் கூடும், ஆகவே தண்ணீர் நிற்காது. பலர் ஏமாறுவது இதில்தான். மெயினை அணைத்துவிட்டு மூன்று பேஸ் வயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.