5 வயதுப் பையனுக்குக் காதில் குழாய் வைக்கச் சொல்கிறார்கள், செய்யலாமா?

இரண்டு டாக்டரைப் பார்த்து, இரண்டு விதமாகக் கேட்டுக் குழம்பித்தான் இங்கே வந்திருப்பீர்கள். நான் டாக்டர் இல்லை. என் மகளுக்கு க்ரோமெட் (அந்தக் காதுக் குழாய்தான்) வைத்த கதையைத்தான் சொல்ல முடியும்.

அப்போது அவளுக்கு நாலரை வயது. காதுவலி கிடையாது, சீழ் கிடையாது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், டிவியை ஒட்டிப்போய் உட்காருவாள், அவ்வளவுதான். பள்ளி டைரியில் ‘கவனம் போதாது’ என்று எழுதி அனுப்பினார்கள். நானும் திமிர் என்று நினைத்து முதுகில் இரண்டு வைத்திருக்கிறேன். அது இன்னும் உறுத்துகிறது.

பார்த்தால், செவிப்பறைக்குப் பின்னால் கோந்து மாதிரி நீர் கட்டியிருந்தது. மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குக் காற்று போகும் குழாய் சிறுபிள்ளைகளுக்குக் குட்டையாக, படுத்தவாக்கில் இருக்குமாம். சளி பிடித்தால் அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் தானே வற்றிவிடும் என்று டாக்டர் 3 மாதம் பொறுக்கச் சொன்னார். (அந்த 3 மாதமும் மாமியார் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயோடு காத்திருந்தார். நான் காதில் ஊற்ற விடவில்லை.) அதற்கப்புறமும் டிம்பனோகிராமில் (செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று பார்க்கும் சோதனை) கோடு மேடே இல்லாமல் தட்டையாக வந்தது, அதாவது நீர் வற்றவில்லை. ஆபரேஷனுக்குச் சரி என்றோம்.

மயக்கம் கொடுத்து, செவிப்பறையில் சின்னதாகக் கீறி, நீரை உறிஞ்சிவிட்டு, அரிசியைவிடச் சின்னக் குழாயைச் செருகினார்கள். கால் மணி நேர வேலை. சாயங்காலமே வீடு. மறுநாள் காலை அடுக்களையிலிருந்து வழக்கம்போல ‘பால் ஆறுதுடீ’ என்று கூவினேன். வாசலில் வந்து நின்று, “ஏம்மா கத்துற?” என்றாள்.

‘காசு பிடுங்கும் ஆபரேஷன்’ என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. நடுவில் ஒரு தடவை காது ஒழுகி, சொட்டு மருந்தில் நின்றது. 11ஆம் மாதம் வலது குழாய் தானாக விழுந்தது, இடது இன்னும் இருக்கிறது. சிலருக்கு மறுபடி நீர் கட்டும், சிலருக்கு ஓட்டை மூடாமல் நிற்கும். அதையும் கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

ஆனால் என்னை அழவைத்தது ஆபரேஷன் இல்லை, இன்சூரன்ஸ். 24 மணி நேரம் படுக்கவில்லை என்று பணம் தர மறுத்தார்கள். ஒரே நாளில் வீடு திரும்பும் சிகிச்சைக்கும் உண்டு என்று அவர்கள் பாலிசியிலேயே அச்சடித்த பக்கத்தை அனுப்பியும் நாலு மெயில், இரண்டு மாதம். பணம் தருவோம் என்று நீங்கள் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.