தண்ணீர் வாரிய இயக்குநரைப் பதவிக்காலம் முடியும் முன்பே நீக்க முடியுமா?

முடியும். கேட்ட தொனியைப் பார்த்தால் ஏறிய தண்ணீர் பில் இப்போதுதான் உங்கள் கைக்கு வந்திருக்கிறது போல. எந்த மாநிலம் என்று சொல்லவில்லை, கலிபோர்னியா என்றே வைத்துக்கொள்கிறேன். வாஷிங்டன் மாநிலம் என்றால் கதை வேறு. அங்கே அவர்மேல் சொல்லும் குற்றச்சாட்டு நிற்குமா என்று முதலில் நீதிமன்றம் பார்க்கும். இங்கே அவர் தப்பு செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. 200 சொல்லுக்குள் காரணம் எழுதி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 7 நாளுக்குள் அவரும் 200 சொல்லில் பதில் தரலாம். அப்புறம் கையெழுத்து வேட்டை, தேவையான அளவு சேர்ந்தால் அவரை நீக்கலாமா என்று ஓட்டெடுப்பு. இதற்கு ரீகால் என்று பெயர்.

அந்த வேட்டையில் 2023இல் நானும் அலைந்தேன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

கொரோனாவில் வீட்டிலிருந்தே வேலை என்றானதும் சான் ஹோசேயை விட்டு சியரா மலையடிவாரத்தில் ஒரு சிற்றூருக்கு வந்தோம். இங்கே தண்ணீர் தருவது நகராட்சி இல்லை, ஐந்து இயக்குநர்கள் நடத்தும் தனி மாவட்டம். மாவட்டம் என்றதும் கலெக்டர் ஆபீஸ், சைரன் வைத்த கார் என்று கற்பனை செய்ய வேண்டாம். மொத்த வாக்காளர்களே 6,200 பேர்தான். கட்டணம் ஏறியது, கூட்டத்தில் கேள்வி கேட்டவர்களிடம் ஒரு இயக்குநர் எரிந்து விழுந்தார், ரீகால் செய்வோம் என்று கிளம்பிவிட்டோம். (அவசரக்குடுக்கைகள் என்று திட்ட வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அதற்குத்தான் வருகிறேன்.)

பதிவான வாக்காளர்கள் ஆயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் என்றால் அதில் 25 சதவீதம் பேரின் கையெழுத்து வேண்டும். லட்சத்தைத் தாண்டிய இடத்துக்கு 10 சதவீதம் போதும். சின்ன ஊர் என்றால் சுலபம் என்று நினைத்தால் கணக்கு இப்படித் தலைகீழாக இருக்கிறது. எங்களுக்கு 1,550 தேவை, 90 நாள் அவகாசம். 1,812 கொடுத்தோம். வீட்டில் பாயசமே வைத்துவிட்டாள் மனைவி.

கவுன்டி தேர்தல் அலுவலகம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தது. செல்லுபடியானது 1,391.

அடிபட்டதற்குப் பெரிய காரணம் தபால் பெட்டி. எங்கள் ஊரில் தபால் வீட்டுக்கு வராது, எல்லோருக்கும் தபால் நிலையத்தில் ஒரு பெட்டி எண். விலாசம் என்று கேட்டால் ஊரே பழக்கத்தில் பெட்டி எண்ணைத்தான் எழுதும். ரீகால் மனுவிலோ குடியிருக்கும் வீட்டு விலாசம் இருக்க வேண்டும். இந்தப் பெட்டி விவகாரத்தில் எனக்குத் தனி வயிற்றெரிச்சல் உண்டு. அம்மா திருச்சியிலிருந்து அனுப்பிய வடகமும் மோர்மிளகாயும், வீட்டு விலாசம் போட்ட ஒரே குற்றத்துக்காக, ஏழு வாரம் சுற்றிவிட்டுத் திருச்சிக்கே திரும்பின. அம்மா இன்னும் நான்தான் வாங்க மறுத்தேன் என்று நினைக்கிறாள்.

இன்னொரு காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் மனைவியின் கையெழுத்தே தள்ளுபடி. வாக்காளர் பதிவில் ஆங்கிலத்தில் போட்டவள் மனுவில் தமிழில் போட்டிருக்கிறாள். பக்கத்தில் பேனாவோடு நின்றவன் நான்.

சூப்பர் மார்க்கெட் வாசலில் நின்றபோது மேலாளர் விரட்டினார். நான் விவரம் தெரிந்தவன் மாதிரி புரூன்யார்டு வழக்கை எடுத்துவிட்டேன். சான் ஹோசே பக்கத்தில் கேம்ப்பெல்லில் இருக்கும் வணிக வளாகம் அது, அங்கே மனுவுக்குக் கையெழுத்து வாங்கிய பள்ளி மாணவர்கள் 1980இல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார்கள். ஆனால் அது வளாகத்தில் மக்கள் கூடும் இடத்துக்குத்தானாம், கடை வாசலுக்குச் செல்லாதாம். மேலாளருக்கு அது தெரிந்திருந்தது.

ஜெயித்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? 2023 முதல் உள்ளூர் ரீகால் வாக்குச்சீட்டில் நீக்கலாமா வேண்டாமா என்ற ஒரே கேள்விதான், அடுத்தவர் யார் என்ற கேள்வி கிடையாது. காலியான இடத்துக்கு மீதி நாலு பேரே ஆளை நியமிக்கலாம். கட்டணத்தை ஏற்றியது அந்த நாலு பேரும் சேர்ந்துதான். தேர்தல் செலவும் மாவட்டத்தின் தலையில், அதாவது நம் பில்லில்.

கட்டணம்தான் பிரச்சினை என்றால், 1996இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 218ஆம் முன்மொழிவு என்ற சட்டப்படி, உயர்வு பற்றிய பொது விசாரணைக்கு 45 நாள் முன்பே நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். கட்டணம் கட்டும் சொத்துகளில் பாதிக்கு மேல் சார்பில் எழுத்தில் எதிர்ப்பு வந்தால் உயர்வு செல்லாது. எங்களுக்கும் வந்திருக்கிறது, அதே தபால் பெட்டிக்கு. விளம்பரத் தாள்களோடு குப்பைக்குப் போட்டிருக்கிறேன்.

எல்லாம் முடிந்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. அந்த இயக்குநருக்கு யாருமே ஓட்டுப் போட்டதில்லை. 2020இல் இருந்த இடங்களுக்கு மேல் ஒருவரும் வேட்புமனு கொடுக்கவில்லை. அப்படியானால் தேர்தலே நடத்த மாட்டார்கள், நின்றவர்களை அப்படியே நியமித்துவிடுவார்கள். ஒரு ஓட்டுகூட வாங்காதவரை இறக்க 1,550 கையெழுத்துக்கு நாயாய் அலைந்திருக்கிறோம். வேறு ஒருவர் வேட்புமனு கொடுத்திருந்தால் போதும், தேர்தலாவது வந்திருக்கும்.

ஆகவே முதலில் உங்கள் இயக்குநரின் பதவிக்காலம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். ஆறு மாதமோ அதற்குக் குறைவோ இருந்தால் ரீகால் செய்யவே முடியாது. நவம்பர் தேர்தலுக்கு ஆகஸ்டிலேயே வேட்புமனுத் தாக்கல் முடிந்துவிடும்.

2024 ஆகஸ்டில் நீங்கள் ஏன் நிற்கவில்லை என்று கேட்பீர்கள், தெரியும். ஜூலைக் கடைசியில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், நான் திருச்சியில் இருந்தேன். ரீகால் மனுவைத் தொடங்கிய மற்றவர்கள் ஒவ்வொருவரும் இன்னொருவர் நிற்பார் என்று இருந்துவிட்டார்கள். அந்த இயக்குநர் மட்டும் வேட்புமனு கொடுத்தார். தபால் நிலையத்தில் பார்த்தால் இப்போதும் தலையாட்டுவார். அவர் பெட்டி என் பெட்டிக்கு மூன்று பெட்டி தள்ளித்தான்.