பாஸ்புக், சைக்கிள், மூணு வட்டி: ஆச்சியிடம் கேட்டவை

காரைக்குடிப் பக்கத்து ஊர்களில் சாயங்கால வகுப்பு நடத்திவருகிறார் இந்த ஆச்சி. வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியவர்களுக்கும் இளவட்டங்களுக்கும் அன்றாடக் காரியங்களைப் பழக்குவது பற்றி வந்த கேள்விகளும் அவருடைய பதில்களும் இவை.

புதுவயல், இளைஞர் மன்றத் தம்பி: ஆச்சி, ‘வாழ்க்கைத் திறன் மேம்பாட்டு முகாம்’ என்று நோட்டீஸ் அடித்தோம். முதல் நாள் நல்ல கூட்டம். மறு வாரம் நாங்களும் நாற்காலியும்தான். ஏன்?

ஆச்சி: நோட்டீஸைப் பார்த்ததுமே ‘நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றாங்க’ என்று பெரியவர்களுக்குப் பட்டிருக்கும், தம்பி. நாங்கள் “பாஸ்புக்கை எடுத்துக்கிட்டு வாங்க, என்ன எழுதியிருக்குன்னு பாப்போம்” என்று மட்டும்தான் சொல்லி அனுப்புவோம். வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தால், மே மாதக் கடைசி வாக்கில் ஒரு 20 ரூபாயும் ஒரு 436 ரூபாயும் பலர் கணக்கில் கழிந்திருக்கும். “பேங்க்காரன் எடுத்துட்டான்” என்று ஒரு குரல் கட்டாயம் வரும். 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கு, 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டுக்கு. விபத்தில் இறந்தால் முதலாவதில் 2 லட்சம், எப்படி இறந்தாலும் இரண்டாவதில் 2 லட்சம்.

ஒரு தடவை இதைச் சொல்லி முடித்ததும், பின்னால் இருந்த ஒரு அம்மா மஞ்சப்பையிலிருந்து இன்னொரு புத்தகத்தை எடுத்தார். இறந்துபோன அவர் வீட்டுக்காரருடையது. அதிலும் அந்த 436 இருந்தது. இறப்புச் சான்றிதழோடு அவரை மறுநாளே கிளைக்கு அனுப்பினோம். அடுத்த வாரம் சொல்லி அனுப்பாமலே ஆள் வந்தது.

அப்புறம், நேரமும் இடமும் முக்கியம். நூறு நாள் வேலைக்குப் போய்வந்தவர்கள் உலை வைத்துவிட்டுத்தான் வர முடியும். பள்ளிக்கூட பெஞ்சு வேண்டாம், கோவில் மண்டபத்தில் பாயை விரியுங்கள். ஒரு நாளைக்கு ஒரே காரியம் போதும்.

ஆத்தங்குடி, மகள்: அம்மாவுக்கு போனில் பணம் அனுப்பப் பழக்குகிறேன். நாலு தடவை சொல்லியும் மறந்துபோகிறார்.

ஆச்சி: போன் யார் கையில் இருந்தது? உங்கள் கையில்தான் இருந்திருக்கும். நீங்கள் சரசரவென்று தட்டிவிட்டு “பாத்தீங்கல்லம்மா?” என்றால் அவர் தலையை ஆட்டத்தான் செய்வார். போனை அவரிடம் கொடுத்துவிட்டு உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்க வருகிற பிள்ளைகளுக்கு இது ஒன்றுதான் சட்டம். அவர் தப்பாகத் தட்டட்டும், திரும்ப வரட்டும். உங்களுக்கே ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்து மளிகைக் கடையில் அவரே காசு கொடுக்கிற அன்றைக்குப் பாடம் முடிந்தது.

கூடவே ஒன்றை மனப்பாடம் செய்ய வையுங்கள்: பணம் நமக்கு வருவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. “உங்களுக்குப் பணம் வந்திருக்கு, எண்ணைப் போடுங்க” என்றால் அவன் திருடன். ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டிருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு.

பள்ளத்தூர், கல்லூரி மாணவி: எங்கள் தெருப் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டப் பழக்க ஆசை. “பொம்பளைகளுக்கு எதுக்கு” என்கிறார்கள்.

ஆச்சி: பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்ததே, உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். எழுத்தோடு சைக்கிளையும் பழக்கினார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல் குவாரியில் வேலை பார்த்த பெண்களும் வயல் வேலைக்குப் போனவர்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். அன்றைக்கும் இதே பேச்சுத்தான் பேசினார்கள். தண்ணீர்க் குடமும் ரேஷன் அரிசியும் சைக்கிளில் வர ஆரம்பித்ததும் பேசிய வாய் மூடிக்கொண்டது. நீங்களும் வீட்டுக்கு ஆகிற ஒரு வேலையிலிருந்து தொடங்குங்கள்: மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது மாதிரி. ஓட்டுநர் உரிமம் எடுத்த பிறகுதான் சாலைக்கு வர வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கானாடுகாத்தான், ஓர் அப்பா: பையன் பட்டம் வாங்கிவிட்டான், ஆனால் பத்து ரூபாய்க்குக் கணக்கு வைக்கத் தெரியவில்லை.

ஆச்சி: நம் ஊரிலிருந்தா இந்தக் கேள்வி, அண்ணே! பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டிக்கடைகளில் தொழில் பழகும் ‘பெட்டியடிப் பையனாக’ப் போனவர்கள் மேலாள் பக்கத்தில் உட்கார்ந்து பேரேடு எழுதியே தொழில் கற்றார்கள். பட்டம் வாங்கிப் போகவில்லை. வீட்டில் அடுத்து ஒரு விசேஷம் வந்தால் மொய் நோட்டையும் செலவுக் கணக்கையும் அவனிடம் விட்டுவிடுங்கள். ராத்திரி பெட்டியில் இருக்கிற காசும் நோட்டும் ஒத்துப்போகிற வரை அவன் எழுந்திருக்கக் கூடாது.

வகுப்பில் நாங்கள் முதலில் போடுகிற கணக்கு ‘மூணு வட்டி’. நூற்றுக்கு மாதம் 3 ரூபாய்தானே என்று வாங்கிவிடுகிறார்கள். 10,000 ரூபாய்க்கு மாதம் 300, வருடத்துக்கு 3,600. அதாவது 36 சதவீதம். வருடக் கடைசியிலும் அசல் அப்படியே நிற்கும். வங்கி நகைக்கடன் வட்டியைப் பக்கத்தில் எழுதிக் காட்டினால், அதற்குமேல் நான் பேச வேண்டியதில்லை.

தேவகோட்டை, மகளிர் குழு: சிலிண்டர் கசிவு பற்றி எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஆச்சி: காலி சிலிண்டரை நடுவில் வைத்து, ஒவ்வொருவரும் ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டட்டும். கண்ணை மூடிக்கொண்டும் ஒரு தடவை. வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். அதனால் ஜன்னல் மட்டும் போதாது, கதவையும் திறக்க வேண்டும். வெளியே வந்து கேஸ் கசிவு அவசர எண் 1906-க்கு அடிக்க வேண்டும்.

கோட்டையூர்: சான்றிதழோடு தொழில் பயிற்சி?

ஆச்சி: ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் விசாரியுங்கள். மாவட்டத்துக்கு ஒன்று என்று வங்கிகள் நடத்துகின்றன. பயிற்சி இலவசம்.

கண்டனூர், சிங்கப்பூர் போகப்போகும் தம்பி: எனக்குச் சமைக்கத் தெரியாது. ஆம்பளைகளுக்கு வகுப்பு உண்டா?

ஆச்சி: உண்டு. சாதம், பருப்பு, ரசம், முட்டைக் குழம்பு, சட்டைப் பொத்தான் தைப்பது, வெள்ளைத் துணியைத் தனியே துவைப்பது. உப்புக்கண்டம், பணியாரமெல்லாம் ஊருக்கு வரும்போது உங்கள் அம்மா செய்து தருவார். விசா வரும்வரை காத்திருக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வாங்க, அரிவாள்மனை இங்கே இருக்கிறது, வெங்காயம் மட்டும் அரைக் கிலோ கொண்டுவாங்க.