டயபர் வாங்குமுன் ஒரு ஸ்கேன்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் முக்கால்வாசியில் பெயர் கிடையாது. சர்க்கரை பற்றிக் கேட்பவர்கள் கதவு எண், பின்கோடு வரைக்கும் எழுதி அனுப்புவார்கள். மூத்திரம் பற்றிக் கேட்க வந்தால் எல்லாரும் 'ஒரு வாசகர்' ஆகிவிடுகிறார்கள். பரவாயில்லை, பேட்டை பெயர் போதும். சென்னை அரசு மருத்துவமனைகளில் யூராலஜி பார்த்தே தலை நரைத்தவன் நான். இப்போது வயது 73. எனக்கும் புராஸ்டேட் இருக்கிறது (ஆண்களுக்கு நீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி), அதுவும் தன் வேலையைக் காட்டுகிறது. ஆகவே கூச்சம் வேண்டாம்.

அப்பாவுக்கு 79 வயது. இரண்டு மாதமாக வேட்டி எந்நேரமும் ஈரமாகவே இருக்கிறது. ராத்திரி பாயும் நனைகிறது. வலி எதுவும் இல்லை என்கிறார். 'வயசானா அப்படித்தான்' என்று தம்பி ஒரு கட்டு டயபர் வாங்கிப் போட்டுவிட்டான். அப்பா அதைத் தொடவே மறுக்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
மகள், பெரம்பூர்

இந்தக் கடிதத்துக்கு மட்டும் இதழ் வெளிவரும்வரை காத்திருக்க மனம் வரவில்லை. போனிலேயே கூப்பிட்டுவிட்டேன். அப்பாவிடம் போனைக் கொடுங்கள் என்றேன். "கடைசியா எப்ப சார் பாத்ரூம் போய் நிம்மதியா ஒண்ணுக்குப் போனீங்க?" அவர் யோசித்தார். "போகணும்னு தோணவே இல்லையே டாக்டர். அதான் தானா வந்துக்கிட்டே இருக்கே."

அந்த ஒரு பதிலே போதுமாக இருந்தது. மகளிடம், அப்பாவை மல்லாந்து படுக்கச் சொல்லி தொப்புளுக்குக் கீழே கை வைத்துப் பாருங்கள் என்றேன். "உருண்டையா, தேங்காய் வச்ச மாதிரி இருக்கு" என்றார். இன்றைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள் என்று சொல்லி வைத்தேன். அங்கே மூத்திரம் வெளியேற டியூப் போட்டதும் 1,100 மில்லி வந்திருக்கிறது. நல்ல வாலிபருக்கே 400, 500 மில்லி சேர்ந்தால் முட்டும். இவர் நீர்ப்பையில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இரண்டு கிட்னியும் வீங்கியிருந்தது ஸ்கேனில் தெரிந்தது, கிட்னி பழுதைக் காட்டும் கிரியாட்டினின் அளவும் ரத்தத்தில் ஏறியிருந்தது.

நம் வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்த மறந்தால் வழிவுக் குழாயில் தண்ணீர் சொட்டும். அதைப் பார்த்துவிட்டு, தொட்டியில் தண்ணீரே நிற்கவில்லை, ஓட்டை விழுந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா? தொட்டி ரொம்பிவிட்டது என்றுதானே ஓடுவோம். இவருக்கும் அதே கதை. புராஸ்டேட் பெருத்து வழியை நெருக்குகிறது. பை முழுசாகக் காலியாவதே இல்லை. மாதக்கணக்கில் தேங்கித் தேங்கி, விரிந்து, முட்டுகிற உணர்வே மரத்துப் போகிறது. கொள்ளாதது மட்டும் சொட்டுச் சொட்டாக வழிகிறது. வலி இல்லாததால்தான் ஆபத்து. திடீரென்று அடைத்துக்கொண்டவர் கத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். மெல்ல மெல்ல அடைத்தவர் வீட்டில் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருப்பார், உள்ளே கிட்னி பழுதாகிக்கொண்டிருக்கும். உங்கள் அப்பா அந்த டயபரைக் கட்டிக்கொண்டிருந்தால் ஈரம் மறைந்திருக்கும், வீட்டில் வாடை போயிருக்கும், எல்லாரும் மறந்திருப்பீர்கள். அவருடைய பிடிவாதம்தான் அவரைக் காப்பாற்றியது. தம்பியிடம் சொல்லுங்கள், ஆனால் திட்ட வேண்டாம். பத்தில் ஒன்பது வீட்டில் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

இனி என்ன? டியூப் சில நாள் இருக்கும், கிட்னி தேறட்டும். வழியைத் தளர்த்தும் மாத்திரை கொடுத்துவிட்டு டியூபை எடுத்துப் பார்ப்பார்கள். போனால் சரி, போகாவிட்டால் புராஸ்டேட் ஆபரேஷன். டியூபோடு சேர்ந்த பிளாஸ்டிக் பை இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். கட்டிலின் மேல் தூக்கி வைக்காதீர்கள், திரும்பி உள்ளே ஓடும். இன்னொன்று: சொட்டுகிறது என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் சில, நீர்ப்பையைத் தளர்த்தி வைப்பவை. இவரைப் போன்றவருக்கு அது எரிகிற வீட்டில் எண்ணெய்.

டயபரே கூடாது என்று நான் சொல்லவில்லை. பக்கவாதம் வந்தவர்கள், ஞாபகம் தப்பியவர்கள் இருக்கும் வீட்டில் அது பெரிய உதவி. ஆனால் சொட்டத் தொடங்கிய யாருக்குமே, ஒன்றுக்குப் போனபின் பையில் எவ்வளவு மிச்சம் என்று ஒரு ஸ்கேன். அதற்கு அப்புறம் கடைக்குப் போங்கள்.

எனக்கு 68. ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறேன். மனைவிக்கும் தூக்கம் போச்சு. சாயங்காலம் 4 மணிக்கு மேல் தண்ணீரைத் தொடுவதில்லை. புராஸ்டேட் மாத்திரை ஆறு மாதம் சாப்பிட்டும் பலன் இல்லை. ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மேற்கு மாம்பலம்

போன மாதமே இவர் எழுதியிருந்தார். மூன்று நாளைக்கு, எத்தனை மணிக்கு எவ்வளவு போனது என்று அளவு போட்ட பிளாஸ்டிக் ஜக்கில் பிடித்து எழுதி அனுப்புங்கள் என்று பதில் போட்டிருந்தேன். கணக்குப் பார்த்தவர் அல்லவா, லெட்ஜர் மாதிரி கோடு போட்டு அனுப்பியிருக்கிறார். எனக்கு அதைப் பார்த்து அத்தனை சந்தோஷம். ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுக்கும் டெஸ்டுகள் சொல்லாததை இந்த ஜக் சொல்லும்.

ஒரு நாள் மொத்தம் 1,750 மில்லி. அதில் படுத்ததிலிருந்து காலையில் எழுந்து போகிற முதல் தடவை வரை 980. பாதிக்கும் மேல். உங்கள் வயதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே அதிகம். அதோடு ஒவ்வொரு தடவையும் 200 மில்லி போல வருகிறது. புராஸ்டேட்தான் எழுப்புகிறது என்றால் பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாக, முக்கி முக்கி வரும். உங்கள் பை நன்றாகவே பிடிக்கிறது சார். ராத்திரியில் தயாராவதுதான் அதிகம். ஆபரேஷன் செய்தாலும் அதே நாலு தடவை எழுந்திருப்பீர்கள்.

ஏன் ராத்திரியில்? உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள்: சாயங்காலம் கணுக்காலில் சாக்ஸ் தடம் பதிகிறது என்று. பகலெல்லாம் காலில் இறங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி கிட்னிக்கு வருகிறது. நீங்கள் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரை அம்லோடிபின் சிலருக்குக் காலை வீங்க வைக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இதயத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மத்தியானம் 3 மணிக்குமேல் ஒரு மணி நேரம், தலையணை வைத்துக் காலை உயர்த்திப் படுங்கள்; வர வேண்டிய நீர் சாயங்காலமே வந்துவிடட்டும். ஊறுகாயும் அப்பளமும் குறையட்டும். மனைவியிடம் ஒரு கேள்வி: நீங்கள் குறட்டை விட்டு நடுவே மூச்சு நின்று திணறுவது உண்டா? அந்தத் தூக்க மூச்சடைப்பும் ராத்திரி நீரைக் கூட்டும்.

தண்ணீரை அப்படி அடியோடு நிறுத்தாதீர்கள், அதுவும் சென்னை வெயிலில். மூத்திரம் கெட்டியாகி, கடுத்து, பையை உறுத்தி, இன்னும் அவசரப்படுத்தும். மலச்சிக்கல் வேறு வரும், அதுவும் பையை அழுத்தும். குடிக்க வேண்டியதைப் பகலில் குடித்துவிட்டு, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் குறைத்தால் போதும். காபி ஒரு நாளைக்கு ஐந்தா? மாம்பலத்துக்காரரிடம் டிகிரி காபியை நிறுத்தச் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. மத்தியானக் காபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

61 வயது, ஆட்டோ ஓட்டுகிறேன். போய்விட்டு வந்து சீட்டில் உட்கார்ந்ததும் இரண்டு சொட்டு வந்து காக்கி பேன்டில் தெரிகிறது. சவாரி ஏறுகிறவர்கள் பார்க்கிறார்கள். இது என்ன வியாதி?
வியாசர்பாடி

வியாதியே இல்லை. நீர்க்குழாய் விதைப்பைக்குப் பின்னால் ஒரு வளைவு வளைகிறது. வயசானால் அந்த வளைவில் கொஞ்சம் தங்கிவிடும், உதறினால் வராது, உட்கார்ந்தால் வரும். போய் முடித்ததும், விதைப்பைக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்து மெதுவாக மேலே அழுத்தி முன்பக்கமாக வழித்துவிடுங்கள். இரண்டு மூன்று தடவை. தங்கியது அங்கேயே வந்துவிடும். ஒரு வாரம் பழகுங்கள், காக்கி காட்டிக்கொடுக்காது.

ஆனால் நீங்கள் எழுதாமல் விட்டதையும் நான் படிக்கிறேன். காலை முதல் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு, அதற்காகத் தண்ணீரும் குடிக்காமல் ஓட்டுகிறீர்கள் இல்லையா? பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை இலவசம். பெட்ரோல் போடாவிட்டாலும் கேட்கலாம். கல் வந்து ஒரு ராத்திரி உருண்டால்தான் தெரியும், தண்ணீரின் அருமை.

வெளியே போய்விட்டு வந்து வாசல் கதவில் சாவியை வைத்ததும் தாங்க முடியாமல் வருகிறது. பாத்ரூம் போவதற்குள் நனைந்துவிடுகிறது. தாம்பரத்திலிருந்து பீச் வண்டியில் ஏறவே பயமாக இருக்கிறது, மின்சார ரயிலில் பாத்ரூம் இல்லையே.
ஓய்வுபெற்ற ஆசிரியர், தாம்பரம்

சாவியைக் கண்டதும் நீர்ப்பைக்கு வீடு வந்துவிட்டது என்று தெரிந்துவிடுகிறது. நிஜமாகவே இப்படி ஒரு பழக்கம் அதற்கு உண்டு. குழாய்ச் சத்தம் கேட்டாலும் சிலருக்கு வரும். ஓடாதீர்கள். ஓடினால் பை குலுங்கும், இன்னும் முட்டும், தடுக்கி விழவும் கூடும். அதே இடத்தில் நின்று, காற்றை அடக்குகிற மாதிரி ஆசனவாயை ஐந்தாறு தடவை சட்டுச் சட்டென்று சுருக்குங்கள். அலை மாதிரி எழும்பி அடங்கும். அடங்கினபின் நடந்து போங்கள். பகலில் இப்போது ஒரு மணிக்கு ஒருதரம் போகிறீர்கள் என்றால் அடுத்த வாரம் ஒண்ணேகால் மணி என்று தள்ளுங்கள். பை பழகும், பள்ளிப்பிள்ளை மாதிரிதான். இதற்கு மாத்திரையும் இருக்கிறது. ஆனால் யூரினில் கிருமி, ரத்தம், சர்க்கரை, ஸ்கேனில் மிச்ச நீர், இந்த நான்கையும் பார்க்காமல் வாங்கிப் போடாதீர்கள். ஏன் என்று மேலே பெரம்பூர் பதிலில் இருக்கிறது.

ஜலதோஷ மாத்திரை போட்டால் மூத்திரம் அடைக்கும் என்று பார்க்கில் ஒருவர் சொன்னார். கட்டுக்கதையா?
நடேசன் பூங்கா நடைக்காரர், தி.நகர்

கட்டுக்கதை இல்லை, சொந்தக் கதை. சில வருஷங்களுக்கு முன் ஒரு மார்கழியில், சாயங்காலக் கச்சேரியில் தும்மிக்கொண்டிருக்கக் கூடாதே என்று வீட்டில் இருந்த ஜலதோஷ மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். மூக்கடைப்பை விடுவிக்கும் மருந்து, தும்மலை நிறுத்தும் மருந்து என்று அதில் இரண்டு உண்டு. முதலாவது நீர்ப்பையின் வாயை இறுக்கும், இரண்டாவது பை சுருங்குவதைத் தளர்த்தும். நோயாளிகளுக்கு ஆயிரம் தடவை சொன்ன விஷயம். கச்சேரி முடிந்தது, வீட்டுக்கு வந்தேன், ஒரு சொட்டு வரவில்லை. ராத்திரி 2 மணிக்கு, என்னிடம் படித்த பையனே எனக்கு டியூப் போட்டான். "சார், நீங்க எழுதின கட்டுரையோட காப்பி ஒண்ணு தரட்டுமா?" என்று வேறு கேட்டான்.

புராஸ்டேட் பெருத்தவர்கள் மெடிக்கல் ஷாப்பில் முதலில் அதைச் சொல்லிவிட்டு மருந்து கேளுங்கள். புராஸ்டேட்டுக்கு, வழியைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கண்புரை ஆபரேஷனுக்கு முன் கண் டாக்டரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். அந்த மருந்து கண்ணின் கருவிழிப் படலத்தைத் தொளதொளப்பாக்கும், முன்கூட்டியே தெரிந்தால் அவர் தயாராக இருப்பார். அதைச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுங்கள்.

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. இருமினால், தும்மினால் கசிகிறது. வாழ்நாள் முழுக்க இப்படியா?
திருவான்மியூர்

இரண்டு மாதத்தில் முடிவு கட்டாதீர்கள். மெல்ல மெல்லக் குறையும், ஒரு வருஷம் வரைக்கும்கூட முன்னேற்றம் இருக்கும். இடுப்படித் தசைப் பயிற்சியை வயிற்றை எக்கிச் செய்கிறவர்கள்தான் அதிகம், அது வீண். காற்றை அடக்குவதுபோல் உள்ளே இழுங்கள். வயிறும் தொடையும் அசையக் கூடாது, மூச்சு ஓட வேண்டும். முடிந்தால் பத்து நொடி பிடித்து பத்து நொடி விடுங்கள், பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. தும்மல் வருகிறது என்று தெரிந்ததும் முதலில் சுருக்கி, பிறகு தும்முங்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகும் நின்றபாடில்லை என்றால் அதற்கும் ஆபரேஷன் இருக்கிறது, உங்கள் சர்ஜனிடம் கேளுங்கள்.

வாழைத்தண்டுச் சாறும் பார்லிக் கஞ்சியும் புராஸ்டேட்டைக் கரைக்குமா? தினம் ராத்திரி படுக்கும்போது குடிக்கிறேன்.
அண்ணா நகர்

கரைக்காது. வாழைத்தண்டைப் பொரியலாகச் சாப்பிடுங்கள், நன்றாக இருக்கும். படுக்கும்போது ஒரு சொம்பு பார்லி குடித்துவிட்டு, ராத்திரி ஏன் எழுந்திருக்கிறேன் என்று அடுத்த மாதம் எனக்கு இன்னொரு கடிதம் போடாதீர்கள்.