பாப்பி ப்ளேடைம் இரண்டாம் பகுதி: நெல்லைச் சீமையின் கேள்விகளும் என் பதில்களும்

பாப்பி ப்ளேடைம் என்னும் திகில் புதிர் விளையாட்டின் இரண்டாம் பகுதியைப் பற்றி நம் பக்கத்து அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இந்தப் பகுதியை நான் நான்கு முறை முடித்திருக்கிறேன். முடிவைப் பற்றிய கேள்வியைக் கடைசியில் வைத்திருப்பதால், இன்னும் ஆடி முடிக்காதவர்கள் அதற்கு முன்னரே நிறுத்திக்கொள்ளலாம்.

அண்ணாச்சி, முதல் பகுதியை ஆடாமல் நேரே இரண்டாம் பகுதியைத் தொடங்கலாமா? (கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

தொடங்கலாம், ஆனால் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன். 2021 அக்டோபரில் வெளிவந்த முதல் பகுதி, கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு மணி நேரம் ஒதுக்கினால் முடித்துவிடலாம். ஊழியர்கள் அனைவரும் ஒரே நாளில் காணாமல் போன பொம்மைத் தொழிற்சாலை ஒன்றுக்கு, அங்கே முன்பு வேலை பார்த்த ஒருவர் பத்து ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறார் என்பதுதான் கதையின் தொடக்கம். முதுகில் மாட்டிக்கொண்டு, கம்பியில் கோத்த இரண்டு செயற்கைக் கைகளைத் தொலைவில் உள்ள பொருள்கள் மீது எய்யும் 'கிராப்பேக்' என்ற கருவியை அந்தப் பகுதிதான் பொறுமையாகக் கற்றுத் தருகிறது. 2022 மே மாதம் வந்த இரண்டாம் பகுதி, அந்தக் கை உங்களுக்குப் பழகிவிட்டது என்று நம்பியே புதிர்களை வைக்கிறது.

என் வீட்டுக் கணினியில் படம் திக்கித் திக்கி ஓடுகிறது. என்ன செய்வது? (தென்காசி)

நிழல்களின் தரத்தை முதலில் குறையுங்கள். அதன் பிறகும் திக்கினால் திரைத் தெளிவை ஒரு படி இறக்குங்கள். பின்னணியில் திறந்திருக்கும் உலாவியை மூடிவிட்டு ஆடுங்கள். இருட்டு அறைகள் மிகுந்த விளையாட்டு என்பதால், தரத்தைச் சற்றுக் குறைத்தாலும் அச்சம் குறைவதில்லை.

பச்சைக் கை கிடைத்த பிறகு மின்சாரப் புதிர்களில் மாட்டிக்கொள்கிறேன். அதன் கணக்கு என்ன? (பொறியியல் மாணவர், முக்கூடல்)

நல்ல கேள்வி, இரண்டாம் பகுதியின் உயிர்நாடியே கிராப்பேக்கில் புதிதாகச் சேரும் இந்தக் கைதான். முதல் பகுதியில் கையோடு இணைந்த கம்பியே மின்சாரத்தைக் கடத்தியது. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, தூண்களைச் சுற்றி வளைத்து, மறுமுனையைத் தொட்டால் சுற்று முழுமையாகும். பள்ளிக்கூடத்தில் மின்கலத்தையும் சிறு விளக்கையும் கம்பியால் இணைத்த பாடம்தான் அது. பச்சைக் கையின் இயல்பு வேறு. அது ஓரிடத்தில் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் தன்னிடமே வைத்திருந்து, வேறோர் இடத்தில் கொடுக்கிறது. கம்பி எட்டாத தொலைவுக்கும் மின்சாரத்தைக் கொண்டுபோகலாம். ஆனால் காலதாமதம் செய்தால் கை வெறுமையாகிவிடும். கிணற்றடியில் கை நிறைய அள்ளிய தண்ணீர், விரலிடுக்கில் ஒழுகித் தீர்வதற்குள் செடிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது போன்ற கணக்கு இது.

ஆகவே பலரும் செய்வதுபோல மின்சாரம் இருக்கும் இடத்தைக் கண்டதும் அதை வாங்கிவிடாதீர்கள். முதலில் அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த வழியை வெறுங்கையோடு ஒருமுறை நடந்து பாருங்கள். எந்த இடத்தில் திரும்ப வேண்டும், எங்கே தொங்கித் தாவ வேண்டும் என்பது காலுக்குத் தெரிந்த பிறகு மின்சாரத்தை வாங்குங்கள். நான் முதல் முறை ஆடியபோது இதை உணராமல் ஒரே அறையில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன்.

பன்சோ முயலின் ஞாபக விளையாட்டில் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். வழி சொல்லுங்கள் அண்ணாச்சி. (பள்ளி மாணவி, வீரவநல்லூர்)

மம்மி லாங் லெக்ஸ் என்ற இளஞ்சிவப்பு நிறப் பொம்மை, விளையாட்டுக்குப் பெயர் தந்த பொம்மையான பாப்பியைப் பிடித்து வைத்துக்கொண்டு, மூன்று விளையாட்டுகளில் வென்றால் ரயிலைக் கிளப்பும் குறியீட்டைத் தருவதாகச் சொல்கிறது. அவற்றில் முதலாவது இது. வண்ணப் பொத்தான்கள் ஒரு வரிசையில் ஒளிரும், அதே வரிசையில் நாம் கைகளை எய்து அழுத்த வேண்டும். தலைக்கு மேலே, கையில் தாளத்தோடு, மஞ்சள் முயல் தொங்கிக்கொண்டிருக்கும். பிழை செய்தால் அது கீழே இறங்கி வரும்.

தங்கைக்கு என் யோசனை இதுதான்: கண்ணால் நினைவில் வைக்க முயலாமல் வாயால் சொல்லுங்கள். சிவப்பு என்பதைச் 'சி' என்றும், நீலத்தை 'நீ' என்றும், மஞ்சளை 'ம' என்றும் சுருக்கிக்கொண்டு, 'சிநீம, சிநீமசி' என்று சந்தம்போல முணுமுணுத்தால், வாய்ப்பாட்டை ஒப்பித்துப் பழகிய நம் நாக்கு அதை எளிதில் விடாது. முயலை நிமிர்ந்து பார்க்கவே பார்க்காதீர்கள். பார்க்கத் தூண்டுவதுதான் இந்த அறையை அமைத்தவர்களின் திறமை. இந்த இரண்டாம் பகுதியை நான் இவ்வளவு மதிப்பதற்கும் அதுவே காரணம்: பெரும்பாலான திகில் விளையாட்டுகளில் புதிர் ஓரிடத்திலும் பயம் ஓரிடத்திலும் இருக்கும், ஒன்று முடிந்த பிறகு மற்றது வரும். இங்கே புதிரை விடுவிப்பதே பயப்படுவதாக இருக்கிறது. விடையைக் காணொளியில் பார்த்துக்கொண்டு ஆடுகிறவர்கள், காசு கொடுத்து வாங்கிய பொருளில் பாதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

மூன்று விளையாட்டுகளில் எது சுமார்? (சேரன்மகாதேவி)

இரண்டாவது. துளைகளிலிருந்து எட்டிப் பார்க்கும் குட்டி ஹக்கிகளை, அதாவது முதல் பகுதியில் நம்மைத் துரத்திய ஹக்கி வக்கி பொம்மையின் சிறு வடிவங்களை, கையால் அடித்து விரட்டுவதில் விரைவு மட்டுமே இருக்கிறது. மூன்றாவதான சிலை விளையாட்டு அப்படியன்று. நாம் சிறு வயதில் தெருவில் 'ஸ்டேச்சு' என்று கத்தியதும் ஒற்றைக் காலில் உறைந்து நின்றோமே, அதே ஆட்டம்தான். நமக்குப் பின்னால் நாய் முகமும் கம்பளிப்பூச்சி உடலும் கொண்ட ஒன்று ஊர்ந்து வருகிறது என்பது மட்டுமே வேறுபாடு. உறைந்து நிற்பது உடம்புக்கு எவ்வளவு கடினம் என்பது அப்போதே நமக்குத் தெரியும் என்பதால், இந்த இடம் நேரே நெஞ்சில் தைக்கிறது.

ஆறு வயது மகன் திருவிழாக் கடையில் ஹக்கி வக்கி பொம்மை கேட்டு அடம்பிடிக்கிறான். வாங்கித் தரலாமா? (ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி)

அம்மா, பொம்மையால் கேடில்லை. விளையாட்டை மட்டும் இந்த வயதில் காட்டாதீர்கள். கூர்மையான பல்வரிசையோடு துரத்தும் அந்த நீலப் பொம்மை, ஆறு வயதுப் பிள்ளையின் உறக்கத்தைக் கெடுக்கும். 2022-இல் வெளிநாடுகளில் பள்ளிகளும் காவல்துறையினரும் பெற்றோருக்கு எச்சரிக்கை விடுத்தபோது, கட்டிப்பிடித்துக் கொல்வதைப் பற்றிய பாடல் ஒன்று பெரிதாகப் பேசப்பட்டது. அது ரசிகர்கள் தாமாக உருவாக்கியது. விளையாட்டில் ஹக்கி பாடுவதே இல்லை. எனவே பொம்மையைவிடக் கைப்பேசியைக் கவனியுங்கள். ஹக்கியை எங்கே பார்த்தாய், அது என்ன செய்தது என்று மகனிடமே கேளுங்கள். அவன் சொல்லும் கதையிலிருந்து அவன் எதைப் பார்த்திருக்கிறான் என்பது விளங்கிவிடும்.

சொப்புச் சாமான் செய்யும் ஊரில் பிறந்தவன் நான். எங்கள் பொம்மைகளைக் கண்டு யாரும் பயந்ததில்லை. இவற்றைக் கண்டால் மட்டும் ஏன் பயம்? (அம்பாசமுத்திரம்)

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். உயிருள்ளதா இல்லையா என்று துணிய முடியாத நிலையே இந்த வகை அச்சத்தின் வேர் என்று ஜெர்மானிய உளவியலாளர் எர்ன்ஸ்ட் யென்ட்ச் 1906-இல் எழுதினார். 1919-இல் பிராய்டு அதை மறுத்தும் விரித்தும் எழுதினார். மனிதனைப்போல ஆக ஆக ஓர் உருவம் நமக்குப் பிடித்துக்கொண்டே வந்து, மிக நெருங்கிய ஓரிடத்தில் திடீரென அருவருப்பாகிவிடுகிறது என்று ஜப்பானியப் பொறியாளர் மசாஹிரோ மோரி 1970-இல் விளக்கினார்.

உங்கள் ஊர்ச் சொப்பில் அம்மியும் உரலும் குடமும் திருகையும்தாம் இருக்கின்றன, முகமே இல்லை. சிறுவனாக இருந்தபோது கடைசல் பட்டறை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்: சுழலும் மரத்தின் மீது அரக்குக் குச்சியை வைத்து அழுத்தியதும், உராய்வின் சூட்டில் அது உருகிச் சிவப்பாகப் படரும், அந்த வாசனை சட்டையிலேயே தங்கிவிடும். செய்தவரின் கையைப் பார்த்துவிட்ட பொம்மையிடம் நமக்குப் பயம் வருவதில்லை. இந்த விளையாட்டின் தொழிற்சாலையில் யார் செய்தார்கள், எதை உள்ளே வைத்துச் செய்தார்கள் என்பதே மறைக்கப்பட்டிருக்கிறது. மாறாத சிரிப்பு முகத்தில் இருக்கிறது, செய்தவரைக் காணோம். அச்சம் அந்த இடைவெளியில்தான் குடியிருக்கிறது என்பது என் கருத்து.

கைப்பேசியில் ஆட முடியுமா? (திசையன்விளை)

முடியும், 2022-லேயே கைப்பேசிக்கும் வந்துவிட்டது. முறையான செயலிக் கடையில் மட்டும் வாங்குங்கள். நண்பர் அனுப்பும் இலவசக் கோப்புகளைத் தொடாதீர்கள்.

நம் ஊரைக் களமாக வைத்து இப்படி ஒன்றை உருவாக்க ஆசை. எங்கே தொடங்குவது? (நாங்குநேரி)

தம்பி, கதையிலிருந்து தொடங்காமல் ஒரு கருவியிலிருந்து தொடங்குங்கள். இந்த விளையாட்டைத் தாங்கி நிற்பது கிராப்பேக். நீங்களும் அப்படி ஒரே ஒரு செயலைக் கண்டுபிடித்து, ஒரே ஓர் அறையில் அதை வைத்து மூன்று புதிர்கள் செய்து பாருங்கள். இவர்கள் பயன்படுத்திய அன்ரியல் எஞ்சின் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளை நீங்களும் கட்டணமின்றிக் கற்கலாம். ஒரு விளையாட்டின் வருவாய் 10 லட்சம் டாலரைத் தாண்டினால்தான் அந்த மென்பொருளின் உரிமையாளர்கள் பங்கு கேட்பார்கள். களத்தை வெளியே தேட வேண்டியதில்லை. பூட்டிக் கிடக்கும் கடைசல் பட்டறை ஒன்றில், இரவில் கடைசல் தானாகச் சுழலும் ஒலி மட்டும் கேட்டால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

முடிவில் மம்மியின் உடலை இழுத்துச் செல்லும் கை யாருடையது? பாப்பி நல்லவளா? (முடிவு தெரிய விரும்பாதவர்கள் இதைப் படிக்க வேண்டாம்)

அரவை இயந்திரத்தில் சிக்கி மம்மி இறக்கும்போது, 'அவன்' என்னைத் தன்னோடு சேர்த்துக்கொள்வான் என்று அலறுகிறாள். அடுத்த நொடியே இருட்டிலிருந்து நீளும் மெலிந்த கை, ஆவணங்களில் 1006 என்று எண்ணிடப்பட்ட 'புரோட்டோடைப்' என்னும் முதல் மாதிரியுடையது. பாப்பியைப் பற்றி என் எண்ணம் முறைக்கு முறை மாறியிருக்கிறது. தப்பிப்போக உதவுவதாகச் சொன்னவளே ரயிலின் பாதையை மாற்றுகிறாள்; உன்னை இழக்க மனமில்லை என்கிறாள். முதல் முறை அதைத் துரோகம் என்று நினைத்தேன். மம்மி மரணத்தைவிட அந்தக் கைக்கே அஞ்சினாள் என்பதை நான்காம் முறை கவனித்த பிறகு, பாப்பியும் அதற்கு அஞ்சித்தான் நம்மைப் பிடித்து வைக்கிறாள் என்று தோன்றுகிறது. ரயில் கவிழ்ந்து கிடக்கும் இடத்தில் 'ப்ளேகேர்' என்ற பலகை தெரியும்; 2024 ஜனவரியில் வந்த மூன்றாம் பகுதி அந்த இடத்திலிருந்துதான் தொடர்கிறது.