கோச் இறங்கிய பிறகும் வண்டி ஓடுமா?

வாசகர் கேள்வி – பதில்

கோச்சிங் என்றதும் நம் பக்கத்தில் பாதிப் பேர் டியூஷனை நினைக்கிறார்கள், மீதிப் பேர் நானுஓயாக் கோச்சியை. ஆகவே முதலில் ஒரு வரி. பரீட்சை, வேலை, குடியை விடுவது, சீனி வருத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது என்று ஒருவர் தானே வைத்துக்கொண்ட இலக்கை எட்டும்வரை சில மாதம் கூட இருந்து உதவும் வேலையைப் பற்றித்தான் இந்தக் கேள்விகள்.

ஹட்டனில் இளைஞர்களுக்குக் கோச்சிங் செய்கிறேன். கிழமைக்கு ஒன்றாக எட்டு அமர்வுகள். அதுவரை நன்றாகவே போகிறார்கள்; முடிந்து ஒரு மாதத்துக்குள் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறார்கள். “வீட்டில் ஆதரவு இருக்கா?” என்று முதல் நாளே கேட்கிறேன். “இருக்கு மிஸ்” என்கிறார்கள். எங்கே பிழை?
– வாசகி, ஹட்டன்

கேள்வியில்தான். “ஆதரவு இருக்கா” என்றால் இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பெற்றவர்களைக் குறை சொன்னதுபோல ஆகிவிடும். நடந்ததைக் கேளுங்கள். “கடைசியா யாருகிட்ட கைமாத்தா காசு வாங்கினீங்க?” “புள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தப்ப ஆட்டோவுக்கு யாரு ஓடினது?” “விண்ணப்பத்தை யாரு நிரப்பித் தந்தது?” “நீங்க செஞ்சது பிழைன்னு மொகத்துக்கு நேரா சொன்னது யாரு?” இப்போது பெயர்கள் வரும்.

ஏ4 தாளில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் போட்டு அந்தப் பெயர்களை எழுதவையுங்கள். உள்ளே, இவர்கள் இல்லாமல் முடியாது என்பவர்கள், நடுவில் நெருக்கமானவர்கள், வெளியே பழக்கமுள்ளவர்கள். 1980இல் கானும் அன்டனூச்சியும் முன்வைத்த வட்டங்கள் இவை. பிறகு ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குறி. சமூக ஆதரவை ஜேம்ஸ் ஹவுஸ் 1981இல் நான்காகப் பிரித்தார்: மனத்தைத் தாங்குவது, கைகொடுத்து வேலை செய்து தருவது, தகவல் தருவது, செய்வது சரியா பிழையா என்று சொல்வது. ம, கை, த, ச என்று போட்டால் போதும்.

தாள் நிரம்பியதும் ஓட்டை தானாகத் தெரியும். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வளர்ந்தவரின் தாளில் ‘ம’வும் ‘கை’யும் நிறைந்து ‘த’ காலியாக இருப்பது சாதாரணம். சாவு வீடு, சடங்கு வீடு என்றால் கூப்பிடாமலே முழு லயமும் வந்து நிற்கும். கல்வியியற் கல்லூரிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லத்தான் ஆள் இருக்காது. அந்த ஆள் வெளிவட்டத்தில் இருப்பார்: பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்துவிட்டுப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் கற்பிக்கும் ஒருவர், இரண்டு வருடம் முன் உயர்தரம் எழுதிய அடுத்த டிவிசன் அக்கா. உள்வட்டத்தை இன்னும் இறுக்குவதைவிட வெளிவட்டத்தில் ஒரேயொரு பெயரைத் தேடிச் சேர்ப்பது பயன் தரும்.

அடுத்தது, கேட்பது. பெரும்பாலும் கவிழ்வது இங்கேதான். “எனக்கு சப்போர்ட்டா இருங்க மாமி” என்றால் மாமி தலையாட்டுவார். என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. என்ன, எப்போது, எவ்வளவு நேரம், எதுவரை என்ற நான்கும் வாக்கியத்தில் இருக்க வேண்டும். “மாமி, செவ்வாயும் வியாழனும் அந்திக்கு ஆறரைலேர்ந்து எட்டு வரைக்கும் பாப்பாவ ஒங்க காம்பராவுல வெச்சிக்கிறீங்களா? மூணு கிழமைக்குத்தான். ஞாயித்துக்கிழம ஒங்களுக்குத் தண்ணி நான் தூக்கித் தர்றேன்.” ‘எதுவரை’யை விட்டுவிட்டால் மாமி மறுக்க மாட்டார், மெல்ல நழுவிவிடுவார். மூன்று கிழமை முடிந்து திரும்பக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். தண்ணீர் தூக்கித் தருவதையும் விட்டுவிட வேண்டாம். வாங்கிக்கொண்டே இருப்பவருக்கு நாலாம் நாள் கூச்சம் வந்துவிடும், பிறகு கேட்கவே மாட்டார். இந்த வாக்கியத்தை அமர்விலேயே வாய்விட்டு இரண்டு தடவை சொல்லவையுங்கள். முதல் தடவை குரல் இறங்கும், ‘எதுவரை’ விடுபடும்; இரண்டாம் தடவைதான் சரியாக வரும்.

இதை எட்டாவது அமர்வில் தொடங்குவதில் பயனில்லை. இரண்டாவதில் வட்டம், மூன்றாவதில் ஒரேயொரு கோரிக்கை, நான்காவதில் அது நடந்ததா என்ற விசாரிப்பு. ஐந்தாவது வரை கிழமைக்கொன்று வையுங்கள். ஆறாவதை அதற்கு முந்தைய அமர்விலிருந்து இரண்டு கிழமையும், ஏழாவதை ஆறாவதிலிருந்து மூன்று கிழமையும், எட்டாவதை ஏழாவதிலிருந்து ஆறு கிழமையும் தள்ளி வையுங்கள். அமர்வு அதே எட்டுதான். எட்டுக் கிழமை வேலை பதினாறு கிழமைக்கு நீளும். இடையில் சறுக்கல் வந்தால் கவலைப்பட வேண்டாம், நீங்கள் இருக்கும்போதே எந்தக் கால் ஆடுகிறது என்று தெரிந்துவிடும்.

25 கிளையன்ட்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். இரண்டாம் கிழமையிலிருந்து ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் மட்டும்தான் வருகிறது.
– வாசகர், பண்டாரவளை

உங்கள் கிளையன்ட்களில் பலர் ஏற்கெனவே ஒரு குழுவில் இருக்கிறார்கள், அது உடையாமல் ஓடுகிறது: சீட்டு. பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், முறைப்படி ஒருவருக்கு 50,000, பத்தாவது மாதம் முடிவு. எத்தனை பேர், என்ன திகதி, யாருடைய முறை, யார் பொறுப்பு, எப்போது முடியும் என்பது முதல் நாளே தெரியும். உங்கள் குழுவில் இவற்றில் எதுவும் இல்லை. 25 பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் மௌனமானால் தெரியவும் தெரியாது.

நாலு ஐந்து பேராகப் பிரியுங்கள். இலக்கு ஒன்றாக இருக்கத் தேவையில்லை, வேலை நேரம் ஒத்திருந்தால் போதும். கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவரையும் கடையில் இரவு பத்து மணிவரை நிற்கிறவரையும் ஒன்றாகப் போட்டால் இருவரும் பேச மாட்டார்கள். ஞாயிறு இரவு ஆளுக்கு மூன்று வரி: சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, வரும் கிழமை யாரிடம் என்ன கேட்கப்போகிறேன். கிழமைக்கொருவர் முறைவைத்துப் பொறுப்பு. திங்கள் காலைக்குள் வரி போடாதவரைப் பொறுப்பாளர் தனியாக அழைக்க வேண்டும், குழுவில் பெயர் போட்டுக் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் அவர் அன்றே வெளியேறிவிடுவார். பன்னிரண்டாம் கிழமை குழுவை மூடுவது என்று முதல் நாளே சொல்லுங்கள். ஆறாம் கிழமை நீங்கள் வெளியேறிவிட வேண்டும். கோச் உள்ளே இருக்கும்வரை எல்லோரும் கோச்சுக்குத்தான் எழுதுவார்கள்.

குடியை விட நினைக்கும் ஒருவருக்கு உதவுகிறேன். லயத்தில் ஒருவரிடம் சொன்னால் மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார். ஆதரவை எங்கே தேடுவது?
– வாசகர், மஸ்கெலியா

அதற்கு முன் ஒன்று. அவர் நாள்தோறும் நிறையக் குடிப்பவர் என்றால் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள். கடைசிக் குடிக்குப் பின் சில மணித்தியாலங்களில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் மனம் குழம்பி இல்லாததெல்லாம் கண்ணில் தெரியலாம். உயிரே போகக்கூடிய நிலை அது. முதலில் ஆஸ்பத்திரி வைத்தியர், பிறகுதான் நீங்கள்.

பயம் நியாயமானது. ஆனால் உதவி கேட்பதற்குக் காரணத்தையும் சொல்ல வேண்டியதில்லை. முழுக் கதையும் தெரிந்தவர் ஒருவர் போதும், அவர் வேறு டிவிசனிலோ டவுனிலோ இருப்பது நல்லது. மற்றவர்களிடம் வேலையை மட்டும் கேட்கலாம். “மச்சான், சம்பளத்தன்னிக்கு டவுனுக்கு ஒண்ணாப் போய்ட்டு நாலு மணி பஸ்ஸுல ஒண்ணா வந்துருவோம்” என்பதில் குடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்த ஒரு நாளைத் தனியாக எடுத்துத் திட்டமிடுங்கள். பெரும்பாலான தோட்டங்களில் 10ஆம் திகதி கையில் காசு வரும், தவறணை வாசலைத் தாண்டித்தான் பஸ் நிலையம். ‘இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப்போடும் முறையை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விரிவாக எழுதினார். இவருக்கு அது இப்படி வரும்: “வாடா ஒரு அரை போடுவோம்னு யாராவது கூப்பிட்டா, ‘சாமான் வாங்கணும்’னு சொல்லிட்டு, நிக்காம எதிர்ப்பக்கம் மாறுவேன்.” ‘நிக்காம’ என்பதுதான் அதில் உயிர். நின்று விளக்கம் சொல்லத் தொடங்கினால் தோற்றுவிடுவார்.

மனைவியைக் காவல்காரியாக்காதீர்கள். சட்டைப்பையைத் தடவுவதும் வாயை முகர்ந்து பார்ப்பதும் அவர் வேலையானால் ஒரே மாதத்தில் வீடு சண்டைக்களம். சம்பளத்தன்று கணவருக்குப் பிடித்த கறியைச் சமைத்துவைப்பது, அன்று பழைய கணக்கு எதையும் எடுக்காமலிருப்பது, இவ்வளவு போதும். ஒருநாள் தவறிவிட்டால் மறுநாள் காலையே வைத்தியரிடமோ அந்த ஒருவரிடமோ சொல்ல வேண்டும் என்பதையும் முன்பே பேசிவையுங்கள். மறைப்பதில்தான் ஒருநாள் ஒரு கிழமையாகிறது.

உள்வட்டத்தில் இருக்கும் ஒரே ஆள் குவைத்தில் வேலை செய்யும் அம்மா. தொலைவில் இருப்பவரைக் கணக்கில் எடுக்கலாமா?
– வாசகி, தலவாக்கலை

எடுக்கலாம். ‘ம’வுக்கும் ‘ச’வுக்கும் தூரம் தடையில்லை, ‘கை’க்கு மட்டும் பக்கத்தில் வேறொருவர் வேண்டும். குவைத் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். இங்கே இரவு 9.30 என்றால் அங்கே 7.00, வீட்டு வேலை செய்பவருக்கு அது அடுப்படி நேரம். நேரடி அழைப்பைவிட ஒரு நிமிடக் குரல் பதிவு நல்லது. பள்ளத்து லயங்களில் சிக்னல் விட்டுவிட்டு வரும், பதிவு என்றால் கிடைத்தபோது போய்ச்சேரும்.

ஒரு பழக்கம் படிய 21 நாள் போதும் என்கிறார்களே? அதுவரை ஆதரவு இருந்தால் சரிதானே?
– வாசகர், பதுளை

போதாது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 கிழமை கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் (12 கிழமையைத் தாண்டிய நாட்கள் கணிப்பு). ஒருநாள் விடுபட்டதால் பெரிய பின்னடைவு வரவில்லை என்பதையும் கிளையன்டிடம் சொல்லுங்கள். ஆதரவை மூன்று மாதத்துக்காவது போடுங்கள், நாட்காட்டியைப் பார்த்துப் போடுங்கள். கொழுந்து கூடும் ஏப்ரல், மே மாதங்களில் ஞாயிறும் வேலை இருக்கலாம். ஹட்டன் பக்கம் ஜூனில் மழை இறங்கினால் அந்திநேர நடை நின்றுவிடும். பதுளைப் பக்கத்தில் அந்தச் சிக்கல் வருடக் கடைசியில்.

இரவு பதினொரு மணிக்கும் மெசேஜ் வருகிறது. பதில் போடாவிட்டால் மனம் கேட்கவில்லை.
– வாசகி, நுவரெலியா

நீங்களே அவருடைய உள்வட்டமாகிவிட்டீர்கள். பதில் நேரத்தைச் சொல்லிவிட்டு அதை மீறாதீர்கள். காலையில் இப்படிப் போடலாம்: “வாசிச்சேன். இத ஒங்க வட்டத்துல யாருகிட்ட கேட்கலாம்? கேட்டுட்டு அந்திக்கு ஒரு வரி போடுங்க.” முதலில் கோபம் வரும், இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு பெயரோடு பதில் வரும். உயிரை விடுவது பற்றிய பேச்சு என்றால் மட்டும் நேரமெல்லாம் பார்க்கக் கூடாது: உடனே அழையுங்கள், வீட்டில் ஒருவரை அவர் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தைக் கொடுங்கள்.