ஃபிராட்டர்னிட்டியில் சேர்ந்தால் பையன் மாறிவிடுவானா?

அமெரிக்காவில் முதலாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகன் ஃபிராட்டர்னிட்டியில் (கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்துக்கொள்ளும் மாணவர் சங்கம்) சேரப்போவதாகச் சொல்கிறான், ஆளே மாறிவிடுவானோ என்று கேட்டிருக்கிறீர்கள். மாறுவான். எந்தப் பக்கம் மாறுவான் என்பது அவன் சேரும் சாப்டரில், அதாவது அந்தச் சங்கத்தின் கல்லூரிக் கிளையில், யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே பெயரில் பத்துக் கல்லூரிகளில் சாப்டர் இருக்கும். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது.

என் அக்கா மகள் கலிஃபோர்னியாவில் படிக்கும்போது தெற்காசியப் பெண்களுக்கான ஒரு சொராரிட்டியில் (ஃபிராட்டர்னிட்டி மாதிரியே மாணவிகளுக்கான சங்கம்) சேர்ந்தாள். பீட்சா ஆர்டர் செய்யக்கூட போனை அம்மாவிடம் நீட்டுகிற பெண். புதிதாகச் சேர்ந்தவர்கள் கிரேக்க எழுத்துகளையும் அமைப்பைத் தொடங்கியவர்களின் பெயர்களையும் மனப்பாடமாக எல்லார் முன்னாலும் ஒப்பிக்க வேண்டும். அவளைப் பார்த்துக்கொள்ள 'பிக்' என்று ஒரு சீனியர் அக்கா. இரண்டாம் ஆண்டில் இவளையே பொருளாளர் ஆக்கினார்கள். சந்தா பாக்கி வைத்திருந்த சீனியர்களிடம் கறாராகப் பேசி வசூலித்தாள், கலைவிழாவுக்குக் கடை கடையாக ஏறி விளம்பரம் கேட்டாள். எந்த வகுப்பும் அவளுக்கு இதைக் கற்றுத் தந்திருக்காது. அதே சமயம், முதல் பருவத்தில் கூட உட்கார்ந்து படித்த தோழிகள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். வாரக் கடைசிகள் சொராரிட்டிக்கே சரியாகிவிட்டன. மதிப்பெண்ணும் கொஞ்சம் இறங்கியது.

இது அவளுக்கு மட்டும் நடந்தது இல்லை. அமெரிக்காவின் யூனியன் கல்லூரியின் பொருளாதார ஆய்வாளர்கள், ஒரு கல்லூரியில் படித்து முடித்த ஆண்களின் விவரங்களை வைத்து 2018-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஃபிராட்டர்னிட்டியில் இருந்ததால் ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) சுமார் 0.25 குறைகிறது, பிற்கால வருமானமோ சுமார் 36 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. ஒரே கல்லூரிதான், அதனால் அப்படியே எல்லோருக்கும் பொருத்த வேண்டாம். ஆனாலும் அங்கே கிடைக்கும் ஆட்களின் அறிமுகம் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பது புரியும்.

எனக்குப் பயம் தருவது, புதிதாகச் சேர வருபவர்களைப் படுத்தி எடுக்கும் ஹேஸிங்தான். நம் ஊர் ராகிங்கில் ஜூனியர் தானாகப் போய்ச் சிக்குவதில்லை. இங்கே பையன் தானே விரும்பி வாசலில் நிற்கிறான், உள்ளே போவதற்கான விலை என்று சொல்லிக் குடிக்க வைக்கிறார்கள், அதனால்தான் 'முடியாது' என்று சொல்ல வாய் வருவதில்லை. 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு 19 வயது மாணவர் அப்படிக் குடிக்க வைக்கப்பட்டு, படிக்கட்டில் விழுந்து, பிறகு இறந்துபோனார். அவர் விழுந்து கிடந்தும் பல மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. சாதாரண நாளில் அவர்களில் யாராவது ஒருவர் கூப்பிட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கூட்டத்தின் ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் அங்கே இருந்த எல்லோர் கையையும் கட்டிப்போட்டுவிட்டது. நான் சொல்லும் மாற்றங்களிலேயே மோசமானது இதுதான்.

அதனால் மகனைத் திட்டித் தடுக்காதீர்கள், எதையும் உங்களிடம் சொல்லாமல் சேர்ந்துவிடுவான். சாப்டர் பெயரையும் சந்தா எவ்வளவு என்பதையும் கேளுங்கள், சில இடங்களில் அது ஆயிரக்கணக்கான டாலர் வரும். பாதியில் பிடிக்காவிட்டால் எந்த நாளிலும் எழுந்து வந்துவிடலாம், அம்மா அப்பா ஒரு வார்த்தை கேட்க மாட்டோம் என்று இப்போதே சொல்லிவையுங்கள். அப்புறம், 2024 டிசம்பரில் வந்த அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி, எந்த அமைப்பு ஹேஸிங் விதியை மீறியது என்ற அறிக்கையைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அவனோடு சேர்ந்து உட்கார்ந்து அதைப் படியுங்கள். அந்தச் சாப்டரின் பெயர் அதில் இருந்தால், வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.